லாரி கிளம்பிடுச்சு

ஐஸக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற ஒரு கம்பெனியின் புகார் அறையில், காதில் ஹெட்போனோடு பதினெட்டு வருஷம் உட்கார்ந்து சம்பாதித்த பெயர். வாணலியில் விழுந்த கடுகு மாதிரி வெடிக்கிற வாடிக்கையாளர் யாராவது லைனில் வந்தால், மற்றப் பெண்கள் கையைத் தூக்குவார்கள். "அக்கா, இது உங்க கேஸ்." அழைப்பு அவள் மேசைக்கு மாறும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்துக் குரல் தணிந்து, "சரிம்மா, நீங்க சொல்றீங்கன்னு விடுறேன்" என்று இறங்கிவிடும். விற்பது ஃபிரிட்ஜ், ஐஸ் வைப்பதில் அவளை அடிக்க ஆளில்லை, பெயர் ஒட்டிக்கொண்டது.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. மூன்றே வாக்கியம். முதலில் அவர்கள் சொன்னதையே அவர்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்: "பால் மொத்தமும் திரிஞ்சு போச்சுங்கிறீங்க." பிறகு தன் வீட்டை உள்ளே இழுக்க வேண்டும்: "எங்க வீட்டுலயும் போன வாரம் இதே கூத்துதாங்க." கடைசியில் பிரம்மாஸ்திரம்: "கவலையே படாதீங்க, ஆள் கிளம்பிட்டாரு."

ஆள் கிளம்பியிருக்க மாட்டார். பல நாள் அனுப்புவதற்கு ஆளே இருக்க மாட்டார். ஆனாலும் அந்த அறையில் இதை யாரும் பொய்க் கணக்கில் சேர்த்ததில்லை. வணக்கம் என்று சொல்லும்போது எல்லோரும் உண்மையிலேயே வணங்கிக்கொண்டா இருக்கிறார்கள்? அந்த மாதிரி ஒரு மரியாதைச் சொல் அது. மறுநாள் அதே வாடிக்கையாளர் மறுபடி கூப்பிட்டால் வேறு ஒரு பெண்ணுக்குப் போகும். வாசலைப் பார்த்தபடி மெக்கானிக்குக்காகக் காத்திருக்கும் ஒரு முகத்தை ஐஸக்கா பார்த்ததே இல்லை.

வாய்க்குப் பழகியது வீட்டுக்கும் வந்தது. "கிளம்பிட்டேங்க" என்று அவள் போனில் சொன்னால், கணவர் நிதானமாக இன்னொரு டீ குடித்துவிட்டுத்தான் சட்டையை மாட்டுவார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற மனிதர். எதையும் இரண்டு தரம் துடைத்துப் பார்த்துத்தான் நம்புவார். "இவ கிளம்பிட்டேன்னா இன்னும் குளிக்கலன்னு அர்த்தம். வழியில இருக்கேன்னா செருப்பு தேடுறா. வந்துட்டேன்னு சொன்னாத்தான் நிஜமா கிளம்பியிருக்கா" என்று மகளிடம் அகராதி படிப்பார். மூன்று பேரும் சிரிப்பார்கள்.

கம்பெனிக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். அவளைவிட வயதில் சின்னவர். இனி புகாரை முதலில் இயந்திரம் கேட்கும் என்றார். அதற்கு ஒரு குரல் வேண்டும். "உங்க குரல்ல ஒரு நம்பிக்கை இருக்கு மேடம்" என்று சொல்லி, ஐஸக்காவைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பதிவு செய்தார்கள். "உங்கள் புகார் பதிவாகிவிட்டது. எங்கள் ஊழியர் கிளம்பிவிட்டார்." ஏற்ற இறக்கம் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தக் குரல் வேலைக்குச் சேர்ந்த பிறகு அறையில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாவதைப் பார்த்தபோதுதான், தன் குரலே தனக்குக் குழி வெட்டிவிட்டது புரிந்தது.

நகராட்சியின் குடிநீர்ப் பிரிவுக்கு, பொதுமக்கள் புகாரைக் கையாண்டு அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது அப்போதுதான். எழுதிப் போட்டாள். கூப்பிட்டார்கள், கேட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். கணவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "இனி ஒருத்தன் உன்னை வீட்டுக்குப் போன்னு சொல்ல முடியாது. ஆபீஸே இடிஞ்சு விழுந்தாலும், இடிஞ்ச இடத்துல நாற்காலி போட்டு உட்காரலாம்."

கடைசி நாளன்று பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்: "அங்க போயி என்னக்கா பண்ணப் போறே?"

"இங்க போன்லயே மழுப்பிக்கிட்டுக் கிடக்கோம். அங்க ஜனங்க நேருக்கு நேரா வருவாங்க. ஏதோ நாலு பேருக்கு நல்லது செய்யலாம்ல."

மிச்சமிருந்த பெண்கள் கைதட்டினார்கள். பின்னால் அந்தக் கைதட்டல், பல் துலக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, நேரம் கெட்ட நேரத்தில் அவள் காதில் கேட்டு உடம்பைக் கூசச் செய்யும் என்று அப்போது தெரியாது.

குடிநீர்ப் பிரிவு ஒரு பழைய கிடங்கில் இருந்தது. மூலையில் துருப்பிடித்த வால்வுகள் குவிந்து கிடந்தன. ரப்பர் வளைய வாசனை மதியச் சாப்பாடு வரைக்கும் ஏறியது. சுவர் ஃபேன் ஒரு பக்கம் திரும்பும். மறு பக்கம் திரும்ப முடியாமல் கடக் கடக் என்று தலையை முட்டிக்கொள்ளும். பொதுமக்களுக்கு இரண்டு ஜன்னல்கள். கம்பிகளில் கை பிடிக்கிற உயரத்தில் மட்டும் வண்ணம் தேய்ந்து இரும்பு பளபளத்தது. எத்தனை பேர் எத்தனை கோபத்தில் பிடித்த இரும்போ.

ஒரு ஜன்னல் ஐஸக்காவுக்கு. இன்னொன்றில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவை ஊரே 'வந்தாவரும்' என்றுதான் சொல்லும். முதல் நாளே காரணம் விளங்கிவிட்டது.

"சார், தண்ணி எப்ப வரும்?"

"வந்தா வரும்."

"நாளைக்காவது வருமா சார்?"

"தெரியாது."

"யாரைக் கேட்டா சார் தெரியும்?"

"குழாயைக் கேளுங்க."

ஐஸக்காவுக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. கம்பெனியில் ஒரு பெண் இப்படிப் பேசியிருந்தால் அன்று சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். "ஏன் சார், கொஞ்சம் தன்மையாச் சொன்னா என்ன? காசா பணமா?" என்று கேட்டாள்.

"தன்மையாச் சொன்னா தண்ணி வந்துருமா?" என்றார் வந்தாவரும், தலை நிமிராமல்.

இரண்டே வாரத்தில் வரிசை இடம் மாறியது. அவர் ஜன்னலில் ஈ, காக்கை இல்லை; அவள் ஜன்னலில் கூட்டம் முறுக்கிக்கொண்டு நின்றது. அவளுக்கு மூன்று வாக்கியம் தெரியுமே. "ரெண்டு நாளா சொட்டுத் தண்ணி இல்லைங்கிறீங்க. எங்க வீட்டுலயும் இதே பாடுதாம்மா. போங்க, வால்வுக்காரர் கிளம்பிட்டாரு." வால்வு திறக்கிறவர் பக்கத்திலேயே குடியிருந்தார்; எப்படியும் சாயங்காலத்துக்குள் ஒரு சுற்று போய்விட்டு வந்துவிடுவார். அதனால் அவள் வாய்க்கு வந்ததெல்லாம் குருட்டு அதிர்ஷ்டத்தில் பாதியாவது நிஜமாகிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மேடம், கூட்டம் சத்தமே இல்லாமப் போகுது? மந்திரம் கிந்திரம் போடுறீங்களா?" என்றார். ஐஸக்கா அன்று வீட்டுக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

பெரிய குழாய் உடைந்தது ஒரு திங்கட்கிழமை.

மேட்டுத் தெருவுக்குக் குழாயில் வருவதே பாதி நாள் கானல்நீர். உடைப்புக்குப் பிறகு அதுவும் நின்றது. புதன்கிழமை காலையில் தெருவின் சார்பாக ஒரு தையல்காரம்மா ஜன்னலுக்கு வந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. பாதித் தையலில் எழுந்து வந்திருக்க வேண்டும். அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர், அதில் ஒருவர் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தார்.

நகராட்சியிடம் தண்ணீர் லாரி இரண்டு. ஒன்று டயர் இல்லாமல் கொட்டகையில் கல்மேல் நின்றது. இன்னொன்றை அன்று முழுக்க ஆஸ்பத்திரிக்கு என்று இன்ஜினியர் காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். ஐஸக்காவுக்கு அது தெரியும். "இன்னைக்கு இல்லம்மா" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"வீட்டுல குடிக்கக்கூட இல்லைங்கிறீங்க" என்று ஆரம்பித்தாள். தையல்காரம்மா தலையாட்டினாள். "எங்க வீட்டுலயும் இதே பாடுதாம்மா." கம்பி மறுபடி குலுங்கியது. பின்னாலிருந்து, "சும்மா கதை பேசாதீங்க, லாரி உண்டா இல்லையா?" என்று ஒரு குரல். அவ்வளவுதான், வாய் தன் பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"லாரி கிளம்பிடுச்சும்மா."

போனில் என்றால் இந்த இடத்தில் எதிர்ப் பக்கம் பெருமூச்சு விட்டு வைத்துவிடும். தையல்காரம்மா வைக்கவில்லை. கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து, "நிஜமாவாம்மா?" என்று கேட்டாள். "எதுக்குக் கேக்குறேன்னா, வேலைக்குப் போறவங்கல்லாம் இப்பக் கிளம்பிட்டிருப்பாங்க. லாரி வருதுன்னா நான் ஓடிப் போயி நிறுத்தி வைக்கணும். அப்புறம் வீட்டுல புடிச்சு வைக்க ஆள் இருக்காது. சொல்லிடவா?"

பதினெட்டு வருஷத்தில் ஒருவரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. நீ சொல்கிற சொல்லை வைத்து நான் இன்னது செய்யப் போகிறேன், தெரிந்து சொல் என்று யாரும் எதிரே நின்று கேட்டதில்லை. அந்த ஒரு கணம் கைக்குள் இருந்தது. பக்கத்து ஜன்னலில் வந்தாவரும் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"தாராளமாச் சொல்லுங்கம்மா" என்றாள் ஐஸக்கா.

தையல்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினாள். கூட்டம் கலைந்தது.

உடனே அவள் டிரைவருக்குப் போன் போட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். "ஆஸ்பத்திரியை விட்டுட்டு மேட்டுத் தெருவுக்கா? இன்ஜினியர் என் தோலை உரிச்சுருவாரு மேடம்" என்றார் டிரைவர். இன்ஜினியர் உடைப்பு நடந்த இடத்தில் குழிக்குள் நின்றார், போனை எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு மறுபடி கூப்பிடலாம் என்று நினைத்தாள். சாப்பிட்டாள். அதற்குள் வேறு தெருக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களைக் குளிர்வித்து அனுப்பினாள்.

பிறகு மறந்துபோனாள். பின்னாட்களில் அவள் நெஞ்சை அதிகம் அறுத்தது இதுதான். பொய் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். சொன்னதை மறந்துபோனாள்.

நினைவுபடுத்தியது பஸ். உடைப்புக்காகப் பெரிய சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால், சாயங்கால பஸ்ஸை மேட்டுத் தெரு வழியாகத் திருப்பிவிட்டார்கள். ஜன்னலோர சீட்டில் அவள் அசந்து சாய்ந்திருந்தாள். பஸ் திடீரென்று மெதுவாகியது.

தெருவோரம் முழுக்கக் குடங்கள், வாளிகள், பெயின்ட் டப்பாக்கள், குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி. பின்னால் ஆட்கள். நின்று சலித்து உட்கார்ந்து, உட்கார்ந்து சலித்து மறுபடி நிற்கிறவர்கள். வேலைக்குப் போகிற உடுப்பிலேயே இருந்தார்கள். ஒருவர் வாட்ச்மேன் உடையில், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். திருப்பத்தில், தெரு முழுக்கத் தெரிகிற இடத்தில், தையல்காரம்மா நின்றாள். கழுத்தில் அதே டேப். பெரிய வண்டிச் சத்தம் கேட்டு முகம் மலர்ந்து இரண்டடி ஓடி வந்தாள். பஸ் என்று தெரிந்ததும் நின்றாள்.

"என்னப்பா கூட்டம்?" என்று முன் சீட்டில் ஒருவர் கேட்டார்.

"தண்ணி லாரி கிளம்பிடுச்சுன்னு ஆபீஸ்ல சொன்னாங்களாம். காலையில இருந்து நிக்குதுங்க" என்றார் கண்டக்டர்.

ஐஸக்கா குனிந்து பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். பைக்குள் தேடுவதற்கு ஒன்றும் இல்லை. தெரு முடிகிறவரை தேடினாள். இறங்கலாம் என்று தோன்றவில்லையா என்றால், தோன்றியது. இறங்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் தரையெல்லாம் தண்ணீர். ஃபிரிட்ஜ் நின்றுபோய் உறைந்ததெல்லாம் உருகி ஓடியிருந்தது. கணவர் அவளுடைய பழைய கம்பெனிக்குப் போன் போட்டுக் காதில் வைத்திருந்தவர், திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தார். "ஏய், இங்க வா, இங்க வா!" என்று மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். சமையலறை நடுவில் ஐஸக்காவின் குரல் ஒலித்தது. பதமான குரல், தாய்மையான குரல். "உங்கள் புகார் பதிவாகிவிட்டது. எங்கள் ஊழியர் கிளம்பிவிட்டார்."

"நீயே சொல்லிட்டே, அப்புறம் என்ன?" என்றார் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் வேணா ஒரு டீ போடட்டுமா?"

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐஸக்கா துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். துடைத்த தண்ணீரை வாளியில் பிழியும்போது, அந்தத் தெருவில் இந்த அழுக்குத் தண்ணீர்கூட இல்லை என்று தோன்றியது. முகம் கழுவக் குழாயைத் திறந்தாள். பொத்துக்கொண்டு வந்தது. 'எங்க வீட்டுலயும் இதே பாடுதாம்மா.' குழாயை மூடிவிட்டு, முகம் கழுவாமலே வெளியே வந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் கணவரிடம் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "விடு. ஊர்ல எல்லாரும் சொல்றதுதானே. டிரைவர் வரலைன்னு சொல்லிடு. அவன் என்ன, ஜன்னலுக்கு வந்து இல்லைன்னு சொல்லப் போறானா?"

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தபோது தையல்காரம்மா ஏற்கெனவே நின்றிருந்தாள். திட்டுவாள் என்று ஐஸக்கா எதிர்பார்த்தாள். வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவளோ ஐஸக்காவின் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டு, தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. லாரி வழியில எங்கயாச்சும் மாட்டிக்கிச்சா?"

தையல்காரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்தாள்.

"தெருவுல என்னைய மென்னு துப்புறாங்கம்மா. நான் ஆபீசுக்கே வரலையாம். கடைத்தெருவுல நின்னுட்டு வந்து கதை விட்டேனாம். துணி கொடுத்தவங்க ரெண்டு பேரு தைக்காமலே திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒரே ஒரு தடவை வந்து சொன்னீங்கன்னா போதும். லாரி கிளம்புச்சு, வழியில ரிப்பேர் ஆகி நின்னுடுச்சுன்னு. ஆபீஸ் அம்மா சொன்னா நம்புவாங்க."

உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இன்ஜினியர், "அப்படியே சொல்லிடுங்க மேடம். இன்னைக்கு முதல் லோடு மேட்டுத் தெருவுக்குத்தான். அதுலயே ஏறிப் போயிட்டு வந்துடுங்க. பிரச்சனை முடிஞ்சுது" என்றார்.

அவள் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். டேங்கில் தண்ணீர் தளும்பி, மேட்டில் ஏறும்போதெல்லாம் வண்டி பின்னால் இழுத்தது. டிரைவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"நேத்து என் வண்டி எந்த இடத்துல ரிப்பேர் ஆச்சு மேடம்? சொல்லிடுங்க. யாராச்சும் கேட்டா நானும் அதே இடத்தைச் சொல்லணும்ல."

"சும்மா வாங்கண்ணே."

"இல்ல, கியர் பாக்ஸா, டயரான்னு தெரிஞ்சா நல்லாருக்கும். டயர்னா நானே மாத்திருவேன்னு தெருவுக்கே தெரியும். பெரிய ரிப்பேராச் சொல்லுங்க."

கேலிதான். ஆனாலும் அவர் குரலில் சின்னதாக ஒரு கெஞ்சல் இருந்தது. அந்தத் தெருவுக்கு வருஷக்கணக்காகத் தண்ணீர் கொண்டு போகிறவர் அவர்.

லாரி நின்றதும் குடங்கள் ஓடி வந்தன. தையல்காரம்மா முன்னால் நின்று, "ஆபீஸ் அம்மாவே வந்திருக்காங்க, கேட்டுக்குங்க!" என்று சத்தம் போட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. எல்லோரும் ஐஸக்காவைப் பார்த்தார்கள். கம்பி இல்லாமல், ஜன்னல் இல்லாமல், இத்தனை முகத்தை அவள் பார்த்ததில்லை.

"நேத்து முழுக்கத் தண்ணிக்காக நின்னீங்க" என்று ஆரம்பித்தாள். குரல் தானாகவே பதமாகிவிட்டது. "உங்க கஷ்டம் புரியுது. எங்க வீட்டுலயும்..."

"உங்க வீட்டுல தண்ணி வருதா?" என்று ஒரு பெண் இடுப்புக் குடத்தோடு குறுக்கே கேட்டாள்.

"வருதும்மா."

"அப்ப அதை விட்டுட்டு மேல சொல்லுங்க."

மேலே சொல்ல அவளிடம் ஒரே வாக்கியம்தான் இருந்தது. அதன் தலையில் 'லாரி' என்று இருந்தது, வாலில் 'ரிப்பேர்' என்று இருந்தது. தையல்காரம்மாவின் உதடு, தன் பிள்ளை மேடையில் பாட்டுச் சொல்வதைப் பார்க்கிற தாயின் உதடு போல, முன்கூட்டியே அசைந்தது.

"லாரி கிளம்பவே இல்ல" என்றாள் ஐஸக்கா. "நான்தான் கிளம்பிடுச்சுன்னு சொன்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன். இந்தம்மா ஆபீசுக்கு வந்தாங்க, கேட்டாங்க. இவங்க பொய் சொல்லல. இந்த அண்ணன் வண்டியும் எங்கயும் நிக்கல."

டிரைவர் குழாயைத் திறக்கப் போன கையை நிறுத்தினார். அப்புறம் வாட்ச்மேன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இன்று அவர் காவல் உடையில் இல்லை. வீட்டு லுங்கியில் இருந்தார்.

"எதுக்கும்மா அப்படிச் சொன்னீங்க?"

காரணம் தேடினாள். கூட்டம், கம்பியை உலுக்கினார்கள், போன் எடுக்கவில்லை. "வாய்ப் பழக்கம்" என்றாள்.

"வாய்ப் பழக்கம்" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "வீட்டுல அம்மா படுத்த படுக்கை. தண்ணி புடிச்சு வச்சுட்டுப் போகலாம்னு நின்னேன். கேட்டுல ஆள் இல்லைன்னு வேற ஒருத்தனை நிறுத்திட்டாங்க. நாளையில இருந்து வராதேன்னுட்டாங்க." தெருவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "லாரி கிளம்பலப்பா. என் வேலைதான் கிளம்பிடுச்சு."

தெரு சிரித்தது. வயிற்றெரிச்சலில் வருகிற சிரிப்பு. சிரிப்போடு சிரிப்பாக டிரைவர் குழாயைத் திறந்துவிட்டார். அதற்குமேல் ஐஸக்காவைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. தண்ணீர் விழுகிற சத்தத்தில் அவளைத் திட்டக்கூட ஆளில்லாமல் போயிற்று. குடத்துக்கும் குடத்துக்கும் நடுவில், நனைந்த செருப்போடு நின்றாள். தள்ளி நில்லுங்க என்று சொன்னார்கள், தள்ளி நின்றாள்.

தையல்காரம்மா குடம் எடுக்கப் போகவில்லை. டேப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். பெயர் மீண்டுவிட்டது, இனி யாரும் அவளைப் பொய்க்காரி என்று சொல்ல மாட்டார்கள். ஐஸக்கா அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நான் அப்பவே கேட்டேனே" என்றாள் தையல்காரம்மா. "நிஜமாவான்னு கேட்டேனேம்மா."

அதற்குப் பிறகு அவள் ஐஸக்காவிடம் பேசவில்லை.

வாட்ச்மேனுக்காக ஐஸக்கா அலைந்தாள். காவலுக்கு ஆள் அனுப்புகிற நிறுவனத்துக்குப் போன் போட்டு, தப்பு நகராட்சியுடையது, அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேசினாள். எதிர்ப் பக்கத்தில் ஒரு பெண். பதமான குரல். "உங்க நிலைமை புரியுது மேடம். கவலைப்படாதீங்க, மேல பேசிட்டிருக்காங்க" என்றாள். ஐஸக்கா போனை வைத்துவிட்டாள். மேலே யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா?

ஜன்னலில் அவள் புதிய பாடம் படிக்க வேண்டியிருந்தது. 'தெரியல' என்கிற சொல் லேசில் வாயை விட்டு வராது. "வால்வுக்காரர் கிளம்..." என்று பாதியில் நிறுத்தி, "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து போவாள். திரும்பி வந்து, "இன்னைக்கு இல்ல" என்பாள். திட்டு விழும். அவளிடமிருந்து தேன் வாங்கிப் பழகியவர்களுக்கு அவளிடமிருந்து வேப்பங்காய் பிடிக்கவில்லை. 'தெரியாது' என்பதைச் சரளமாகச் சொல்கிற ஆளிடமே போகலாம் என்று வரிசை மறுபடி பக்கத்து ஜன்னலுக்கு நகர்ந்தது. கசப்பாக இருந்தாலும் அங்கே கலப்படமில்லை.

"என்ன மேடம், உங்க ஜன்னல்ல காத்தாடுது?" என்றார் வந்தாவரும். "மறுபடி எப்ப ஜனம் வரும்னு கேளுங்க, சொல்றேன்."

"வந்தா வரும்" என்றாள் அவள். அவர் முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தையல்காரம்மா வருவாள். ஐஸக்காவின் ஜன்னல் காலியாக இருந்தாலும் அந்தப் பக்க வரிசையின் வாலில் போய் நிற்பாள். கம்பியின் பளபளப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஐஸக்கா அந்த டேப்பின் நுனியை மட்டும் பார்ப்பாள்.

ஒரு நாள் வந்தாவரும் காய்ச்சலில் வரவில்லை. வேறு வழியில்லாமல் தையல்காரம்மா இவள் ஜன்னலுக்கு வந்தாள்.

"லாரி இன்னைக்கு உண்டா?"

"இல்லம்மா. நாளைக்கும் எனக்குத் தெரியல."

தையல்காரம்மா கொஞ்சம் நின்றாள். நிஜமாவா என்று கேட்பாள் என்று ஐஸக்கா காத்திருந்தாள். கேட்க வேண்டும் என்று ஏங்கினாள் என்றுகூடச் சொல்லலாம். கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள். வாசலில் டிரைவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் தையல்காரம்மா கேட்பது உள்ளே தெளிவாகக் கேட்டது.

"லாரி இல்லைன்னு அந்தம்மா சொல்றாங்க. நிஜமாண்ணே?"

"நிஜம்தாம்மா. போயி வேலையைப் பாரு."

அப்புறம்தான் செருப்புச் சத்தம் நகர்ந்தது.

ஐஸக்கா ஃபேன் தலையை முட்டிக்கொள்வதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் மூடுகிற நேரத்தில் போன் அடித்தது. கணவர்.

"கிளம்பிட்டியா?"

"இல்லைங்க. இன்னும் பையைக்கூட எடுக்கல."

"எப்பப் பாரு உள்ளதையே சொல்றே" என்று அவர் அலுத்துக்கொண்டார். "அப்ப நான் ஒரு டீ குடிக்கவா வேண்டாமான்னே தெரிய மாட்டேங்குது."

"குடிங்க" என்றாள். "எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."